கடலோரக் கல்லூரியில் கட்டற்ற வன்பொருள் கூடல்

ஒரு கருவியின் மின்சுற்று வரைபடம், உடற்பகுதிகளின் அளவுக் கோப்புகள், உதிரிப்பொருள் பட்டியல், அதனை இயக்கும் நிரல் ஆகியவற்றை எவரும் படிக்கலாம், திருத்தலாம், தாமே செய்துகொள்ளலாம், செய்ததை விற்கவும் செய்யலாம் என்ற உரிமையுடன் வெளியிடும்போது அக்கருவி கட்டற்ற வன்பொருள் எனப்படுகிறது. 2011 பிப்ரவரியில் வெளியான இதன் வரையறை, திருத்துவதற்கு ஏற்ற மூல வடிவிலேயே கோப்புகள் தரப்பட வேண்டும் என்று வலியுறுத்துவதால், சுற்று வரைபடத்தைப் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ மட்டும் வெளியிட்ட கருவி அந்த வரையறைக்குள் வராது. விற்கும் உரிமையும் சேர்ந்தே வருவதைக் கல்லூரிகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வணிகப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்ற குறிப்பை ஒட்டிவிட்டு, கருவி கட்டற்றது என்று மேடையில் அறிவிப்பது பரவலாகக் காணப்படும் பிழையாகும்.

இத்தகைய கருவிகளைச் செய்வோர் ஒன்றுசேரும் கூடல், பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் நடக்கும் திட்டக் கண்காட்சியினின்று வேறுபட்டது. கண்காட்சியில் கருவி ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். கூடலிலோ, அதைச் செய்தவர் அறையில் இல்லாதபோது இன்னொருவரால் அதைச் செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாக் கரையூரான கீழக்கரையில் உள்ள ஒரு கல்லூரி இரண்டு அல்லது மூன்று நாள் கூடலை நடத்த முற்படுவதாகக் கொண்டு எழுதப்பட்ட இந்த அத்தியாயத்தின் எல்லா ஏற்பாடுகளும் அந்த இரண்டாவது சோதனையை நோக்கியே அமைக்கப்பட்டுள்ளன.

முன்னோடிகள்

கட்டற்ற வன்பொருளுக்கான முதல் உச்சி மாநாடு 2010இல் நியூயார்க்கில் நடைபெற்றது. அதன் தொடர்ச்சியாகத் திறமூல வன்பொருள் சங்கம் 2012இல் உருவாயிற்று. பின்னாளில் இம்மாநாடு பல்கலைக்கழக வளாகங்களையும் நாடிச் சென்றது. 2024இல் மான்ட்ரியாலின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் கூடியது. அறிவியல் கருவிகளுக்கென்றே தனியாக எழுந்த 'கோஷ்' என்னும் கூட்டம் 2016இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் ஏறத்தாழ 50 பேருடன் தொடங்கி, 2017இல் சிலியின் சான்டியாகோவிலும் 2018இல் சீனாவின் ஷென்ஜெனிலும் நடந்தது. உரைகளின் நிரலை அமைப்பாளர் முன்கூட்டியே முடிவு செய்யாமல், வந்தவர்களே காலையில் கூடிப் பலகையில் தலைப்புகளை ஒட்டி அமர்வுகளைப் பிரித்துக்கொள்ளும் முறையைக் கோஷ் கூட்டங்கள் பெரிதும் கையாண்டன. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தொடக்க விழாவும் பொன்னாடையும் குத்துவிளக்கும் சேர்ந்து முதல்நாள் முற்பகலை விழுங்கிவிடுவதால், அந்த முறையின் ஒரு பகுதியையேனும் இங்குக் கொண்டுவருவது பயன் தரும்.

இந்திய முன்னோடிகளுள் மூன்றை அமைப்பாளர்கள் அறிந்திருத்தல் வேண்டும். மகாராஷ்டிரத்தின் பாபல் என்னும் சிற்றூரில் உள்ள விஞ்ஞான் ஆசிரமத்தில் 2002இல் அமைந்த ஃபேப் லேப், அதாவது கணினியால் இயங்கும் வெட்டு, அச்சு இயந்திரங்களை ஊரார் பயன்பாட்டுக்குத் திறந்துவைத்த பட்டறை, உலகில் முதன்முதலாக அமைந்தவற்றுள் ஒன்று. நகரமும் பெரிய பல்கலைக்கழகமும் இல்லாத இடத்திலும் இவ்வேலை நடக்கும் என்பதற்கு அதுவே சான்று. புது தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் உருவாக்கிய 'எக்ஸ்பைஸ்' என்னும் சிறு கருவி, கணினியுடன் இணைக்கப்பட்டு அலைகாட்டியாகவும் மின்னழுத்த அளவியாகவும் செயல்பட்டு, விலையுயர்ந்த ஆய்வகப் பொருள்கள் இல்லாத கல்லூரிகளிலும் இயற்பியல் சோதனைகளைச் செய்ய உதவுகிறது. கருவியை வெளியிட்டதோடு நில்லாமல் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தொடர்ந்து அளிக்கப்பட்டதே அதன் பரவலுக்குக் காரணம் எனலாம்.

மூன்றாவது, சென்னை ஐஐடியின் சக்தி செயலி. கணினிக்குரிய அடிப்படைக் கட்டளைகளின் தொகுதியை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவைத்த ரிஸ்க்-5 முறையின்மீது எழுப்பப்பட்ட இச்செயலியின் வடிவமைப்பு வெளிப்படையானது. ஆயினும் 2018இல் முதல் சில்லுகள் வெளிநாட்டில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்திலும், பின்னர் சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்திலும் செய்யப்பட்டன. வரைபடம் திறந்திருந்தாலும் அதைப் பொருளாக்கும் ஆலை எல்லார்க்கும் திறந்திருப்பதில்லை. கூடலுக்குக் கருவி தெரிவு செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது: இந்தக் கருவியின் எந்தெந்தப் பகுதியை இந்தக் கரையில் உள்ள கைகளே செய்ய முடியும்?

கருவியைத் தெரிதல்

மன்னார் வளைகுடாக் கரையில் படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டமாக விரும்பி எடுப்பது, ஜிபிஎஸ் மூலம் படகின் இருப்பிடத்தை அறிந்து பன்னாட்டுக் கடல் எல்லை நெருங்கும்போது ஒலியெழுப்பும் எச்சரிக்கைக் கருவியாகும். 1974, 1976 ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட அந்த எல்லை மீனவர் வாழ்வில் எவ்வளவு கொடிய சிக்கல் என்பது தெரிந்ததே. ஆனால் எச்சரிக்கை இல்லாததால் மட்டும் எல்லை மீறப்படுவதில்லை என்பதும் கரையில் உள்ள எவருக்கும் தெரியும். நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் இக்கருவி, ஆவணம் இல்லாமையால் அடுத்த ஆண்டு மாணவர்களால் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கப்படுகிறது. கூடலின் மையக் கருவியாக இதைத் தவிர்ப்பது நல்லது.

அதற்கு மாறாகக் கடல்நீரின் வெப்பநிலையை மாதக்கணக்கில் பதிவு செய்யும் எளிய கருவி பொருத்தமானது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 2010இலும் 2016இலும் பெருமளவு வெளிறின; நீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடிக்கும்போது பவள உயிர்கள் தம்முள் வாழும் நுண்பாசியை இழந்து வெண்ணிறம் அடைவதே வெளிறல் எனப்படுகிறது. ஆக, வெப்பநிலைப் பதிவு இக்கரைக்கு வெறும் பயிற்சிப் பொருளன்று. கடலின் உப்புத்தன்மை, வெப்பம், ஆழம் மூன்றையும் அளக்கும் 'ஓப்பன்சிடிடி' என்னும் கட்டற்ற கருவி, பிவிசி குழாயையும் ஆர்டுயினோ வகைப் பலகையையும் கொண்டே செய்யப்படுவது; அதன் கோப்புகளைப் படித்துவிட்டு வெப்பநிலையை மட்டும் எடுத்துக்கொள்வது தொடக்கக் கூடலுக்குப் போதும்.

இதில் உணரியைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூற வேண்டியுள்ளது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் டிஎஸ்18பி20 என்னும் வெப்ப உணரியின் அறிவிக்கப்பட்ட பிழையளவு அரை டிகிரி ஆகும். வெளிறலை ஆராயும்போது ஒரு டிகிரி வேறுபாடே முக்கியமாகும் என்பதால் இப்பிழை சிறிதன்று. மேலும் இப்பெயரில் விற்கப்படுவனவற்றுள் போலிகள் ஏராளம். எனவே ஒவ்வோர் உணரியையும் உருகும் பனிக்கட்டியில் வைத்துச் சுழியத்திலும், ஆய்வகத் தரமுள்ள வெப்பமானியின் துணையுடன் 30 டிகிரியை ஒட்டிய நீரிலும் சரிபார்த்து, திருத்த எண்ணை உணரியின் கம்பியிலேயே சீட்டாகக் கட்டிவிட வேண்டும். பனிக்கட்டி வாங்கும்போது ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது: மீனுக்கு இடும் கட்டி ஐஸில் சிறிது உப்பு கலந்திருந்தாலும் அது சுழியத்துக்குக் கீழேயே உருகும், ஆகையால் குடிநீரில் உறையவைத்த ஐஸை நொறுக்கி, குடிநீரோடு கலந்து தெர்மாஸ் குடுவையில் பயன்படுத்துவதே சரி. நேரம் காட்டும் சில்லாகப் பழைய டிஎஸ்1307ஐ விட டிஎஸ்3231 ஏற்றது. முன்னது மாதத்துக்குச் சில நிமிடங்கள் பிசகக்கூடும், பின்னது ஆண்டு முழுவதற்கும் ஓரிரு நிமிடமே பிசகும். மின்கலத்தைப் பொறுத்தவரை, நீர் புகுந்தால் தீப்பற்றும் இடரைக் கொண்ட லித்தியம் கலங்களை விலக்கி, பெட்டிக்கடையிலும் கிடைக்கும் டபுள்-ஏ கலங்களைக் கொள்வது அறிவுடைமை.

நாள் குறித்தல்

கீழக்கரையில் நாள் குறிப்பதற்குப் பல்கலைக்கழக நாட்காட்டி மட்டும் போதாது. ரமலான் நோன்பு மாதமும், ஏர்வாடி சந்தனக்கூடு விழாவும் பிறைக் கணக்கைச் சார்ந்தவை என்பதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகர்கின்றன. கடந்த ஆண்டு பொருந்திய தேதி இந்த ஆண்டும் பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை வேளையில் அமர்வுகளை வைக்காமலிருப்பது ஊர் வழக்கை அறிந்தோர் தாமாகவே செய்வது. வெளியூர் அமைப்பாளர்க்கு இதை எழுதித்தான் சொல்ல வேண்டும்.

கடற்சோதனையும் உண்டு என்றால் காற்றையும் பார்க்க வேண்டும். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்க, வடகடலான பாக் விரிகுடா அமைதியாக இருக்கும். வாடைக் காற்றின் காலத்தில் நிலைமை தலைகீழாகும். ஆகவே ஜனவரியில் கூடுவோர் கீழக்கரைப் படகுத்துறையிலேயே கருவியை இறக்கிப் பார்க்கலாம், ஜூலையில் கூடுவோர் வண்டி அமர்த்திக்கொண்டு வடகடல் கரையில் உள்ள தேவிபட்டினம் பக்கம் செல்வதே பாதுகாப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் மீனவர்கள் ஓய்வாக இருப்பார்கள் என்று கருதுவது தவறான கணக்காகும். எஞ்சின் பழுதுபார்ப்பும் அடிமரச் சீரமைப்பும் அப்போதுதான் நடைபெறும், மெக்கானிக்குகள் கிடைப்பதே அரிது. தேர்வுகளும் அதே வேளையில் வருகின்றன.

இராமநாதபுரம் தொடர்வண்டி நிலையத்திலிருந்து கீழக்கரை ஏறத்தாழ 17 கிலோமீட்டர். பேருந்து வசதி நன்றாகவே உண்டு. உணவு பற்றி இவ்வூரில் அறிவுரை கூறத் தேவையில்லை. விருந்தினர் திரும்பும்போது தொதல் என்னும் இனிப்புப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுப்பது நினைவுக் கேடயத்தைவிட நன்றாக நினைவில் நிற்கும்.

யாரை அழைப்பது

மாணவர்களும் பேராசிரியர்களும் மட்டும் கூடினால் அது இன்னொரு கருத்தரங்காகவே முடியும். லேத் பட்டறைக்காரர், படகு எஞ்சின் மெக்கானிக், வள்ளம் கட்டும் ஆசாரி, சங்கு குளிப்பவர் ஆகியோர் இக்கரையின் மூத்த கருவியாளர்கள். உப்பு நீரில் எது நிற்கும், எது அரிக்கும், எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், நீரோட்டம் கயிற்றை அறுக்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்களே. 304 ரக எவர்சில்வர் திருகாணி கடல்நீரில் குழி விழுந்து அரிபடும், 316 ரகம் அதனினும் நீண்டகாலம் தாங்கும் என்று நூல் சொல்வதைப் படகு மெக்கானிக் பழைய திருகாணிகளைக் காட்டியே சொல்லிவிடுவார். அவர்களைப் பார்வையாளராக முன்வரிசையில் உட்கார வைக்காமல், நீர்க்காப்பு மேசையின் பொறுப்பாளராக அமர்த்தி, வெளியூர்ப் பேச்சாளருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தை அவர்களுக்கும் தர வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து வருபவர்க்குச் சான்றிதழ் மட்டும் தருவது முறையன்று.

அழைப்பைச் சுவரொட்டியாலும் கைப்பேசிக் குழுக்களாலும் மட்டும் பரப்பாமல், 2016 முதல் பாம்பனிலிருந்து மீனவர்களுக்காக ஒலிபரப்பும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி வழியாகவும் அறிவிக்கலாம். தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி போன்ற நிறுவனங்களின் மாணவியர் பங்கேற்பதை உண்மையாகவே விரும்பினால், மாலை இருட்டுவதற்குள் அமர்வுகளை முடிப்பது, திரும்பிச் செல்ல வண்டி ஏற்பாடு செய்வது, தொழுகைக்கும் ஓய்வுக்கும் தனியறை ஒதுக்குவது ஆகியவை முன்கூட்டியே அழைப்பிதழில் அச்சாக வேண்டும். இரவு முழுவதும் நடைபெறும் ஹேக்கத்தான் முறை இங்குப் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

அனுமதிகள்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அப்பா தீவு, தலையாரி, வாலை, முள்ளி முதலான கீழக்கரைக் குழுமத் தீவுகள் அதன் எல்லைக்குள் வருவதால், வனத்துறையின் எழுத்து வடிவ அனுமதி இல்லாமல் அங்குக் கருவியை இறக்கவோ கால் வைக்கவோ கூடாது. பவளத் துண்டையோ கடல் அட்டையையோ ஆர்வத்தால் கையில் எடுப்பதுகூட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். இதனை முதல்நாளே பங்கேற்பாளருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கடற்கரையிலும் படகுத்துறையிலும் சோதனை செய்யும் நாள், நேரம், கருவியின் ஒளிப்படம் ஆகியவற்றைக் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே தந்துவிடுவது, கடலில் மிதக்கும் கம்பி முளைத்த குழாயைக் கண்டு யாரும் அஞ்சாமலிருக்க உதவும்.

கம்பியில்லாத் தொடர்புக்கு லோரா எனப்படும் நெடுந்தொலைவு, குறைந்த ஆற்றல் வானொலி முறையைக் கொள்வோர், இந்தியாவில் உரிமம் இன்றிப் பயன்படுத்த ஒதுக்கப்பட்டது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையே என்பதை மறக்கலாகாது. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட 915 மெகாஹெர்ட்ஸ் பலகைகள் இணையக் கடைகளில் மலிவாகக் கிடைத்தாலும் அவற்றை வாங்கக் கூடாது. ஆளில்லா வானூர்திகளைத் திட்டத்திலிருந்து விலக்கிவிடுவதே சிறந்தது. உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து என்னும் கடற்படை விமானத்தளம் உள்ள மாவட்டம் இது. வெளிநாட்டு விருந்தினர் வருவதாயின், அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசியைக் கொண்டுவருவது இந்தியாவில் சட்டப்படி குற்றம் என்பதை அழைப்பு மடலிலேயே எழுத வேண்டும்.

மறுகட்டுமான அமர்வு

கூடலின் உயிர் இந்த அமர்வில்தான் உள்ளது. எஞ்சியவற்றைச் சுருக்கினாலும் இதைச் சுருக்கலாகாது. பங்கேற்கும் ஒவ்வோர் அணியும் தன் கருவியின் கோப்புகளையும் செய்முறை ஆவணத்தையும் கூடலுக்கு இரண்டு வாரம் முன்பே ஒப்படைக்க, அமைப்பாளர்கள் அந்த ஆவணத்தில் உள்ள பட்டியலின்படியே பொருள்களை வாங்கிப் பொட்டலம் கட்டி வைக்கிறார்கள். கூடல் நாளில் ஒவ்வோர் அணிக்கும் இன்னோர் அணியின் பொட்டலமும் ஆவணமும் தரப்படுகின்றன. செய்தவர்களிடம் வாயால் ஐயம் கேட்பதற்கு இடமில்லை. எங்குத் தடை ஏற்படுகிறதோ அங்குக் கேள்வியைச் சீட்டில் எழுதி அனுப்ப, மூல அணியினர் விடையைச் சீட்டில் எழுதாமல் ஆவணத்திலேயே திருத்தமாகச் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள். அமர்வு முடியும்போது சீட்டுகள் அதிகமாகச் சேர்ந்த அணி தோற்றதாகக் கொள்ளக் கூடாது; அதன் ஆவணமே அன்று மிகுதியாக வளர்ந்தது. இதற்குப் பரிசுத்தொகை வைப்பதும் தீமையே தரும், ஏனெனில் பரிசு உள்ள இடத்தில் கேள்விச் சீட்டை மறைக்கத் தோன்றும்.

பொருள் பட்டியலில் பெயர், எண்ணிக்கை, விலை ஆகியவற்றோடு, கிடைக்காவிட்டால் எதைக் கொள்வது என்ற ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் பொருள் கீழக்கரைக்கு வந்துசேர நாலைந்து நாளாகலாம்; அந்தப் பத்தி இல்லாத ஆவணம் சென்னையில் உள்ளவர்க்கு மட்டுமே கட்டற்றது. தமிழில் ஆவணம் எழுதும்போது தூய கலைச்சொற்களைத் தேடித் திணறுவதைவிட, பட்டறையில் வழங்கும் சாலிடர், வாஷர், ஓ-ரிங் போன்ற சொற்களையே எழுதி அருகில் படம் வரைவது மேல்.

நீர்க்காப்பைச் சோதிக்க விலையுயர்ந்த அழுத்தக்கலம் தேவையில்லை. மின்சுற்று எதையும் வைக்காமல், வெறும் குழாய்க்கூட்டினுள் மெல்லிய தாளைச் சுருட்டி வைத்து மூடி, கல்கட்டி நீர் நிறைந்த பீப்பாயில் ஓர் இரவு மூழ்கடித்துவிட்டுக் காலையில் தாளைத் தொட்டுப் பார்த்தால் போதும். ஆழம் 10 மீட்டர் கூடும்போதெல்லாம் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது என்பதால், பீப்பாயில் தாங்கிய கூட்டைப் படகுத்துறையின் ஆழத்திலும் மறுமுறை சோதிக்க வேண்டும். சுற்றுப்பலகைக்குக் காப்புப் பூச்சு அடிப்பதையும் மறக்கலாகாது, ஏனெனில் நீர் புகாவிட்டாலும் இக்கரையின் உப்புக்காற்று, கூட்டைத் திறந்து மூடும் நேரத்திலேயே உள்ளே சென்று செப்புத் தடங்களைப் பச்சையாக்கிவிடும். பற்றவைப்பு மேசைகளைச் சன்னலோரம் இட வேண்டும். ஈயம் கலந்த சாலிடரைக் கையாண்டவர்கள் தேநீர் இடைவேளைக்கு முன் சோப்பிட்டுக் கைகழுவுவதைக் கண்காணிக்க ஒருவரை நிறுத்தலாம்.

உரிமமும் காப்புரிமையும்

வன்பொருளுக்கென்று எழுதப்பட்ட செர்ன் உரிமத்தின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு மூன்று வகைகளைத் தருகிறது. முதல் வகையில், கருவியை மாற்றி வழங்குவோர் தம் மாற்றங்கள் முழுவதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். இரண்டாவது, வாங்கிய பகுதியில் செய்த மாற்றத்தை மட்டும் வெளியிடுமாறு கேட்கிறது. மூன்றாவது, மூல ஆசிரியர் பெயரைக் காப்பதற்கு மேல் அதிகமாக எதையும் கேட்பதில்லை. சக்தி செயலியினர் தம் வடிவமைப்புக்கு மூன்றாவதை ஒத்த தளர்வான உரிமத்தைத் தெரிவு செய்தனர், தொழில் நிறுவனங்கள் தயங்காமல் எடுத்தாள அது வழி செய்யும். பொதுநலனுக்காக அளவெடுக்கும் கல்லூரிக் கருவிகளுக்கோ முதல் வகையே பொருந்தும், ஏனெனில் தொண்டியிலோ தூத்துக்குடியிலோ ஒருவர் செய்யும் திருத்தம் கீழக்கரைக்குத் திரும்பி வருவதை அது உறுதிசெய்கிறது.

கல்லூரி நிர்வாகத்துடன் உராய்வு ஏற்படுவதும் இங்கேதான். தரவரிசைக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களின் எண்ணிக்கையைக் கூட்ட விரும்பும் நிர்வாகம், கோப்புகளை வெளியிட ஒப்புதல் தந்த பின்னர் அதே கருவிக்குக் காப்புரிமை கோர முற்படலாம். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970 புதுமையை வேண்டுவதால், முன்னரே வெளியிடப்பட்ட ஒன்றுக்கு அது பொதுவாகக் கிடைக்காது. ஆகவே எந்தக் கருவி வெளியிடப்படும், எது வெளியிடப்படாது என்பதை முதல்வரின் கையொப்பத்துடன் கூடலுக்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்வது அமைப்பாளர்க்கும் மாணவர்க்கும் பாதுகாப்பு. வெளியிடப்பட்ட கருவிகளைத் திறமூல வன்பொருள் சங்கத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். இந்தியக் கருவிகளுக்கு ஐஎன் என்ற எழுத்துகளும் ஆறு இலக்கங்களும் கொண்ட எண் வழங்கப்படும்.

கூடல் முடிந்த பின்

இறக்கிய பதிவுக்கருவிகளை மூன்று மாதத்துக்குள் ஒருமுறையேனும் மேலெடுத்துக் கொட்டலசும் பாசியும் அகற்றி, கலம் மாற்றி, தரவைப் படிக்க வேண்டும். எவர் எடுப்பது, எந்தப் படகில் செல்வது, டீசலுக்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் என்பதெல்லாம் நிறைவு விழாவுக்கு முன்பே முடிவாகாவிட்டால், இறுதியாண்டு மாணவர்கள் பட்டம் பெற்றுச் சென்றபின் கருவிகள் கடலிலேயே தங்கிவிடும். எனவே இப்பொறுப்பை இரண்டாமாண்டு மாணவர்களிடமும் ஊரில் நிலையாக இருக்கும் ஒரு படகு உரிமையாளரிடமும் கூட்டாக ஒப்படைப்பதே நடைமுறைக்கு ஒத்தது. செய்முறை ஆவணத்தின் அச்சுப்படி ஒன்று கல்லூரி நூலகத்திலும் ஒன்று லேத் பட்டறையிலும் இருக்கட்டும். நீர் புகுந்து பழுதான கூடுகளை எறிந்துவிடாமல், தேதி எழுதி ஒரு பெட்டியில் சேர்த்து வைத்து, அடுத்த கூடலின் முதல் அமர்வில் எல்லார் முன்னிலையிலும் ஹேக்ஸா பிளேடால் அறுத்துத் திறந்து, நீர் ஓ-ரிங் வழியே வந்ததா, எபாக்ஸிப் பிளவு வழியே வந்ததா, கம்பியின் உறைக்குள் ஊர்ந்து வந்ததா என்று பார்த்து, அந்த விடையை ஆவணத்தின் நீர்க்காப்புப் பகுதியில் தேதியுடன் சேர்க்க வேண்டும்.